பழைய பிக்கப் மலைல நின்னு போச்சா? எப்படி நின்னுச்சுன்னு மொதல்ல பாருங்க

ஓடிட்டு இருக்கிற பழைய டீசல் பிக்கப் திடீர்னு ஆஃப் ஆகி, அப்புறம் எவ்ளோ செல்ஃப் அடிச்சாலும் புடிக்கலன்னா நம்மாளுங்க மொதல்ல பேட்டரிய மாத்துவாங்க, அதுலயும் வேலைக்காகலன்னா நேரா டீசல் பம்பையும், எஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற நாசிலையும் கழட்டிருவாங்க. பாதி நேரம் ரெண்டுமே தேவையில்லாத செலவு. நான் சொல்றது சென்சார், இசியூ (எஞ்சின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) எதுவும் இல்லாத மெக்கானிக்கல் பம்ப் வண்டி, நீலகிரி கேத்தி பாலாடாவுல கேரட் மூட்டை ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறங்குற ரகம். இதுல ஸ்பார்க் பிளக்கே கிடையாது, காத்த அமுக்கி சூடாக்கி அதுல டீசல பீச்சினா தானா பத்திக்கும். கரண்டுக்கு இங்க முக்கியமா ரெண்டே வேலைதான், ஒண்ணு செல்ஃப் மோட்டார சுத்துறது, இன்னொண்ணு பம்புல இருக்கிற ஸ்டாப் சாலினாய்டை, அதாவது கரண்டு இருந்தா டீசல விட்டு இல்லன்னா அடைக்கிற வால்வ, திறந்து வச்சிருக்கிறது.

அதனால கேக்க வேண்டிய மொத கேள்வி, வண்டி எப்படி நின்னுச்சு? சாவிய திருப்பி ஆஃப் பண்ணின மாதிரி டக்குனு நின்னா கரண்டு பக்கம் பாருங்க. திக்கி திக்கி, இழுவை கொறஞ்சு, ஒரு தடவை உயிர் வந்து மறுபடி செத்துச்சுன்னா டீசல் போய்ச் சேரல.

கரண்டு பக்கம் சீக்கிரம் முடிஞ்சிரும். சாவிய ஆன்ல வச்சு பம்பு பக்கத்துல காத வச்சா சாலினாய்டு 'டிக்'னு ஒரு சத்தம் குடுக்கணும். சத்தம் இல்லன்னா பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு ஒயர நேரா அந்த முனையில குடுத்துப் பாருங்க, வண்டி புடிச்சுருச்சுன்னா பம்புல தப்பே இல்ல, ஃபியூஸோ சாவி சுவிட்ச்சோ நடுவுல அறுந்த ஒயரோதான். சாலினாய்டே இல்லாம ஸ்டாப் கேபிள் இழுக்கிற வண்டின்னா அந்த கேபிள் பாதியில சிக்கியிருக்கான்னு பாத்தா போதும்.

டீசல் பக்கம்தான் கதையே. டேங்க்ல இருந்து ஃபீட் பம்பு (டீசல இழுத்துக் குடுக்கிற சின்ன பம்பு) வரைக்கும் டீசல் உறிஞ்சித்தான் வருது, அதாவது அந்த டியூபுக்குள்ள அழுத்தம் வெளிய இருக்கிறத விட கம்மி. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவுல இளநி குடிக்கிற மாதிரி, சொட்டு வெளிய வராது, காத்துதான் உள்ள வரும். அதனாலதான் "எங்கயும் லீக்கே இல்லண்ணே"ன்னு அடிச்சு சொல்லுவாங்க, ஆனா ஏர் புடிச்சிருக்கும். காத்து அமுங்கும், டீசல் கிட்டத்தட்ட அமுங்காது, நாசில் திறக்கவே 150-200 பார், அதாவது சாதாரண காத்தழுத்தத்தப் போல 150-200 மடங்கு அழுத்தம் வேணும், பம்பு என்னதான் தள்ளினாலும் உள்ள இருக்கிற காத்துக் குமிழி சுருங்கி விரியுமே தவிர நாசில் திறக்காது.

மலைல இது ஜாஸ்தி வர ஒரு காரணம் இருக்கு. டேங்க்ல டீசல் கம்மியா வச்சுட்டு குன்னூர் ரோட்ல பர்லியார் தாண்டி கொண்டை ஊசி வளைவுல ஏறும்போது டீசல் ஒரு ஓரமா ஒதுங்கிரும், உறிஞ்சுற குழாய் வாய் காத்துல தொங்கும், முள்ளு என்னமோ கால் டேங்க் காட்டிட்டுத்தான் இருக்கும். இன்னொண்ணு, ராத்திரி மூக்கு மேல பாத்து நிறுத்துனா எஞ்சின் ஒசரத்துல, டேங்க் பள்ளத்துல, டியூப்ல சின்ன ஓட்டை இருந்தாலும் டீசல் பூரா திரும்ப எறங்கிரும், காலைல செல்ஃப் அடிச்சே பேட்டரி காலி. சந்தேகம்னா ஒரு ராத்திரி மூக்கு கீழ பாக்க நிறுத்திப் பாருங்க, காலைல டக்குனு புடிச்சா டியூப், கிளாம்ப், செம்பு வாஷர் மூணையும் மாத்திருங்க.

ஏர் எடுக்கறது பெரிய வித்தை இல்ல. ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கைப்பம்ப அமுக்குனா மொதல்ல நுரையா வரும், அப்புறம் குமிழி இல்லாம தெளிவா வரும், அப்ப டைட் பண்ணுங்க. அப்படியும் புடிக்கலன்னா நாசில் பைப் நட்ட லேசா தளத்தி செல்ஃப் அடிக்கணும், விரல மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க, அந்த அழுத்தத்துல பீச்சுற டீசல் தோல துளைச்சு உள்ள போயிரும்.

ஓட்டமா ஓடி அப்புறம் நின்னு, பத்து நிமிஷம் விட்டா திரும்ப புடிக்குதா? நின்ன உடனே டேங்க் மூடிய திறங்க. 'புஸ்'னு காத்து உள்ள இழுத்தா மூடியோட மூச்சு ஓட்டை அடைச்சிருக்கு, வேற எதுவும் இல்ல. சத்தம் வரலன்னா அடிக் கசடு குழாய் வாயில போய் ஒட்டுறதாவும் இருக்கலாம், உறிஞ்சல் நின்னதும் அது தானா விலகிரும். டேங்க்கா பம்பான்னு முடிவா தெரியணும்னா சுத்தமான டீசல ஒரு கேன்ல ஊத்தி பம்ப விட ஒசரத்துல கட்டி டியூப அதுல விட்டுப் பாருங்க, நல்லா ஓடுச்சுன்னா தப்பு டேங்க் பக்கம்தான்.

செல்ஃப் அடிக்கும்போது இன்னொருத்தர சைலன்சர பாக்கச் சொல்லுங்க. புகையே இல்லன்னா டீசல் எஞ்சினுக்குள்ளயே போகல. வெள்ளையா வந்தா டீசல் போகுது, ஆனா பத்திக்கல, ஏன்னா சூடு போதல. ஊட்டி 2,240 மீட்டர், காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, டிசம்பர் ஜனவரி காலைல உறைபனி வேற. மேட்டுப்பாளையத்துல 30 டிகிரி காத்தையும் ஊட்டில 5 டிகிரி காத்தையும் ஒரே எஞ்சின் 18 மடங்கு அமுக்குனா கணக்குப்படி கடைசில கிட்டத்தட்ட 70 டிகிரி வித்தியாசம் வரும். அதுலயும் குளிர்ல பேட்டரி சோர்ந்து மெதுவா சுத்துனா சூடு உலோகத்துக்கே போயிரும். வோல்ட்மீட்டர் இருந்தா சும்மா இருக்கும்போது 12.6 காட்டுதா, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ விழுதான்னு பாருங்க, விழுந்தா மொதல்ல டெர்மினலையும் எர்த் ஒயரையும் சொரண்டி கழுவுங்க, அப்புறம் பேட்டரி வாங்கறத யோசிக்கலாம். க்ளோ பிளக் (குளிர்ல ஸ்டார்ட் பண்ண உள்ள சூடேத்துற பிளக்) உள்ள எஞ்சின்னா அதையும் ஒண்ணொண்ணா சோதிக்கணும்.

சரிவுல உருட்டி கியர் போட்டு ஸ்டார்ட் பண்றது நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். அது செல்ஃப் மோட்டார் கெட்டதுக்கும் பேட்டரி வீக்குக்கும்தான் உதவும், ஏர் புடிச்ச வண்டி பாதாளம் வரைக்கும் உருண்டாலும் புடிக்காது. இதுல பயம் என்னன்னா பிரேக் பூஸ்டருக்கு (பெடல லேசா மிதிக்க உதவுறது) வேணுங்கிற வேக்குவத்த எஞ்சின் சுத்துனாதான் பம்பு உண்டாக்கும், நின்ன எஞ்சினோட உருட்டுனா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிரும், பவர் ஸ்டியரிங் இருந்தா அதுவும் இறுகிரும். கேரட் லோடோட குன்னூர் மலைரோட்ல இத செய்யவே வேணாம், கட்டைய முட்டுக் குடுத்துட்டு கைப்பம்ப அமுக்குங்க.