கிளையினம்: சொல் விளக்கம்

தமிழ்க் குரலுடன் வரும் ஆவணப்படமொன்றில், போவா என்னும் பெரும்பாம்பின் 'செதில்களை எண்ணி அதன் சிற்றினத்தை அறியலாம்' என்று மூன்றாம் முறையாகக் கேட்டபின் எழுதாமல் இருக்க இயலவில்லை. அங்கே எண்ணி அறிய முற்படுவது சிற்றினம் அன்று. அதற்குக் கீழ்ப்படியான சப்ஸ்பீசிஸ், அதாவது ஒரே சிற்றினத்துக்குள் அடங்கும் பிரிவு; அதையே கிளையினம் என்கிறேன்.

மூலம் இலத்தீன். 'சப்' என்பது கீழ். 'ஸ்பீசிஸ்' என்பது தோற்றம். அவ்வளவே.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஜீனஸைப் பேரினம் என்றும் ஸ்பீசிஸைச் சிற்றினம் என்றும் வழங்குகின்றன. 'சிறு' என்னும் அடையைக் கண்டதும் மொழிபெயர்ப்பாளர் அதையே கீழ்ப்படிக்கும் ஒட்டிவிடுகிறார். நடு அமெரிக்காவின் இம்பெரேட்டர் போவா நெடுங்காலம் கிளையினமாகக் கருதப்பட்டு, இப்போது பலராலும் தனிச் சிற்றினமாக ஏற்கப்படுகிறது. இச்செய்தியை அவர் எழுதினால் 'சிற்றினம் சிற்றினமாக உயர்ந்தது' என்றல்லவா முடியும்? (ஆங்கிலத்தில் 'ஸ்கேல்' எனப்படும் செதிலையே 'அளவு' என்று பெயர்த்தவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம்.)

'துணைச்சிற்றினம்' குழப்பாதுதான், ஆனால் பொருள் பிசகுகிறது. துணைவேந்தர் இருக்குமிடத்தில் வேந்தர் என்று வேறொருவர் இருப்பார். இங்கோ, 1758இல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயரிட்ட போவா கன்ஸ்டிரிக்டரின் முதற்கிளை, அப்பெயரையே இரட்டித்து 'போவா கன்ஸ்டிரிக்டர் கன்ஸ்டிரிக்டர்' என வழங்குகிறது. கிளைகளை நீக்கினால் தனியே நிற்கும் தலைமைப் பாம்பு எதுவும் இல்லை. கிளைகளெல்லாம் சேர்ந்ததே மரம் என்பதால் 'கிளையினம்' என்பதே பொருந்தும்.

செதில்களை எண்ணுவதும் இக்கிளைகளைப் பிரித்தறியவே. உடலின் நடுப்பகுதியில், வயிற்றுச் செதிலை ஒட்டிய வரிசையில் தொடங்கி முதுகைக் கடந்து மறுபக்கம் வரை எண்ண வேண்டும். நெளியும் பாம்பில் இது பாடு, உரித்த சட்டையில் எளிது. வயிற்றுச் செதில்களைத் தனியே எண்ணுவர். அவ்வெண்ணிக்கையை எந்தச் செதிலில் தொடங்குவது என்பதற்கு 1951இல் பாம்பு ஆய்வாளர் டௌலிங் ஒரு விதி வகுத்தார். அமேசான் பகுதிக் கிளைக்கு முதுகுச் செதில் வரிசைகள் சுமார் 81 முதல் 95 வரை என்றும், அர்ஜென்டினாவின் ஆக்சிடென்டாலிஸ் கிளைக்குச் சுமார் 65 முதல் 87 வரை என்றும் அட்டவணைகள் குறிக்கின்றன. முன்பு கிளையாகக் கருதப்பட்ட, டொமினிக்கா தீவின் நெபுலோசாவுக்கு வயிற்றுச் செதில்களே 250ஐத் தாண்டும். ஆனால் 84 வரிசை கொண்ட சட்டை ஒன்று கையில் கிடைத்தால் முதலிரண்டில் எதுவென்று எண் மட்டும் சொல்லாது; நிறத்தையும் முதுகில் சேணம் போல் படிந்த குறிகளையும் பார்த்து, பிடிபட்ட ஊரையும் கேட்டறிந்த பின்னரே கிளையைச் சொல்ல முடியும்.