ஐந்தரை மீட்டர் காற்றுத் தூண்: டியூபா எப்படிப் பாடுகிறது?

மியூனிக் நகரின் அக்டோபர் திருவிழாவைக் காணொளியில் பார்த்த வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "நாகசுரத்தில் விரல்கள் துளைகளை மூடித் திறக்கும்போது சுரம் மாறுவது புரிகிறது. அந்தப் பீர்க் கூடாரத்தில் வாசிக்கப்படும் பெரிய பித்தளைக் கருவியில் துளையே இல்லை, நான்கு விசைகள்தாம் இருக்கின்றன. அவற்றையும் தொடாமலேயே வாசிப்பவர் பல சுரங்களை எழுப்புகிறாரே, எப்படி?" மிகக் கூர்மையான கவனிப்பு. அந்தக் கருவியின் பெயர் டியூபா.

திருவிழாவின் வரலாறு பலரும் அறிந்ததே. பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் 1810 அக்டோபர் 12 அன்று நடந்த திருமணத்தையொட்டி, நகருக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடத்தப்பட்டது. மணமகளின் பெயரால் தெரேசியன்வீசெ என்று அழைக்கப்படும் அதே வெளியில்தான் இன்றும் விழா நடக்கிறது. செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு மேயர் முதல் பீப்பாயைத் திறக்க, ஒரு லிட்டர் கொள்ளும் மாஸ் குவளைகள் நிரம்பத் தொடங்கும். கூடாரங்களில் பித்தளை இசைக்குழு வாசிக்கும் வழக்கத்துக்கு உரம் போட்டவர், 1898இல் ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட குழுவோடு வந்த கேயார்க் லாங் என்னும் விடுதிக்காரர். அவர் பரப்பிய "ஐன் ப்ரோசிட்" என்னும் வாழ்த்துப்பாட்டு எழும்போதெல்லாம் கூட்டம் குவளையை உயர்த்துகிறது. 2005 முதல் மாலை 6 மணி வரை மரபான குழு இசை மட்டுமே, அதுவும் 85 டெசிபெலுக்கு மிகாமல், ஒலிக்க வேண்டும் என்பது விதி.

ஆனால் 1810இல் அந்தப் புல்வெளியில் கூடியவர்கள் டியூபாவைக் கேட்டிருக்க முடியாது. விசையை அழுத்தும்போது காற்றைக் கிளைக்குழாய்க்குத் திருப்பிவிடும் வால்வு, ஸ்டோல்செல், புளூமெல் என்னும் இரு கலைஞர்கள் 1818இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற பிறகே பரவியது. வீப்ரெக்ட் என்பவரும் கருவி செய்பவரான மோரிட்ஸும் டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றது 1835இல். வால்வு வருவதற்கு முந்தைய எக்காளங்களில் பெரும்பாலும் விசைகளே கிடையாது. ஆயினும் அவற்றில் பல சுரங்கள் எழுந்தன, வாசகியின் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

நாகசுரத்தில் சீவாளி செய்யும் வேலையை இங்கே வாசிப்பவரின் உதடுகள் செய்கின்றன. கிண்ணம் போன்ற ஊதுவாயில் உதடுகளை அழுத்தி ஊதினால் அவை திறந்து மூடித் திறந்து மூடி, காற்றைச் சிறுசிறு துணுக்குகளாகக் குழாய்க்குள் அனுப்புகின்றன. ஒவ்வொரு துணுக்கும் ஓர் அழுத்த அலையாகப் பயணம் செய்கிறது. பி ஃபிளாட் என்னும் சுருதியில் அமைந்த டியூபாவின் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் குழாயை நீட்டினால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் வரும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்பதால், அலை மறுமுனைவரை போய்த் திரும்ப நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகும்.

"திரும்ப" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நாகசுரத்தின் அணசைப் போல விரிந்திருக்கும் அந்த மணிவாய், ஒலியை வெளியே வீசி எறிவதற்காக இருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதன் முதல் பணி, ஒலியின் பெரும்பகுதியை உள்ளேயே திருப்பி அனுப்புவது. குறுகிய குழாயில் நெருக்கமாக வந்த அலை, திடீரென அகன்ற வெளியைச் சந்திக்கும்போது அதன் அழுத்தம் தளர்ந்துவிடுகிறது; அந்தத் தளர்ச்சியே எதிரலையாக உள்நோக்கித் திரும்புகிறது. சிறு பங்கு மட்டும் வெளியே கசிந்து நம் காதை அடைகிறது. திரும்பி வந்த அலை உதடுகளைச் சரியான நேரத்தில் தொட்டால், ஊஞ்சலை உரிய தருணத்தில் தள்ளுவதுபோல அவை திறப்பதற்குத் துணை செய்யும். தவறான நேரத்தில் வந்தால் அதிர்வைக் குலைத்துவிடும். ஆகவே, உதடுகள் விரும்பிய எந்த வேகத்திலும் அதிர முடியாது. காற்றுத் தூண் அனுமதிக்கும் சில அதிர்வெண்களில் மட்டுமே நிலைத்து அதிர முடியும். உதட்டை இறுக்கினால் அடுத்த அனுமதிக்கப்பட்ட படிக்குத் தாவும். விசையைத் தொடாமலேயே பல சுரங்கள் எழுவது இப்படித்தான்.

இந்தப் படிகள் எங்கே அமைகின்றன என்பதே இக்கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு முனை மூடிய நேர்க்குழாயின் ஒத்ததிர்வுகள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை விகிதத்தில் வரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். உதடு இருக்கும் முனை மூடிய முனைதான். தோட்டத்து நீர்க்குழாயில் இரண்டு மீட்டர் வெட்டி, உதடுகளை அதன் வாயில் அழுத்தி ஊதிப் பாருங்கள்: கிடைக்கும் படிகள் ஒன்றோடொன்று சேராமல், இசையாகாமல் நிற்கும். மறுமுனையில் ஒரு புனலைச் செருகி மீண்டும் ஊதினால், படிகள் இடம் மாறுவதைக் காதே சொல்லும். காரணம் இதுதான். தாழ்ந்த அதிர்வெண்ணுள்ள நீண்ட அலைகள் மணிவாயின் விரிவை முன்கூட்டியே உணர்ந்து, விளிம்பை எட்டுவதற்கு வெகு முன்னரே திரும்பிவிடுகின்றன. அவற்றுக்குக் குழாய் குட்டையாகத் தோன்றுவதால் அவற்றின் அதிர்வெண் உயர்கிறது. உயர்ந்த அதிர்வெண்ணுள்ள குறுகிய அலைகளோ விளிம்புவரை சென்றே திரும்புகின்றன. அவற்றை ஊதுவாயின் கிண்ணமும் சற்றுக் கீழே இழுக்கிறது. இப்படிக் கீழே இருப்பது மேலேறி, மேலே இருப்பது கீழிறங்கி, 3, 5, 7 என்று சிதறிக்கிடந்தவை 2, 3, 4 என்னும் சீரான வரிசையில் வந்து அமர்கின்றன. கணக்கு அறியாத கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகத் தட்டித் தட்டிக் கண்டடைந்த வடிவம் இது.

முதல் படி மட்டும் வரிசைக்குள் வராமல் தாழ்ந்தே நின்றுவிடுகிறது. ஆனாலும் அந்த இடத்துக்குரிய அடித்தளச் சுரத்தைத் தேர்ந்த கலைஞர் வாசித்துவிடுகிறார். அங்கே ஒத்ததிர்வு இல்லை. மேலே உள்ள 2, 3, 4ஆம் படிகள் கைகோத்து உதடுகளைத் தாங்கிப் பிடிக்கின்றன. இந்தக் கூட்டுறவை விரிவாக ஆராய்ந்தவர், இளமையை லாகூரில் கழித்த அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் பெனாட்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மிருதங்கம் நினைவுக்கு வருகிறது. வெறும் தோலின் அதிர்வுகளும் ஒன்றோடொன்று சேராதவையே. வலந்தலையில் இடும் கரணை அவற்றைச் சீரான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. சி. வி. ராமன் இதைச் சிவகாளி குமாருடன் இணைந்து 1920இல் நேச்சர் இதழில் விளக்கினார். 1927இல் ஜெர்மானியர்கள் வெளியிட்ட இயற்பியல் கையேட்டுத் தொகுதியில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. ராமனின் அந்த மரபு தோன்றிய நம் நாட்டில் இசைக்கருவிகளின் ஒலியியல் இன்று எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் முதன்மையான துறையாக இல்லை என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. இதற்குத் தேவைப்படும் கருவிகள் விலை உயர்ந்தவையும் அல்ல. நல்ல ஒலிவாங்கியும் ஒரு கணினியும் ஆர்வமுள்ள நான்கு மாணவர்களும் போதும்; நாகசுரம், தவில், எக்காளம் என்று ஆராயப்படக் காத்திருப்பவை நம்மிடம் ஏராளம்.

இனி விசைகளுக்கு வருவோம். உதட்டால் தாவும் படிகளுக்கு இடையே விடுபடும் சுரங்களை நிரப்பவே அவை இருக்கின்றன. ஒரு விசையை அழுத்தினால் காற்று ஒரு கிளைக்குழாயையும் சுற்றிக்கொண்டு வருகிறது, நீளம் கூடுகிறது, சுரம் இறங்குகிறது. ஓர் அரைச்சுரம் இறங்க 6 விழுக்காடும், முழுச்சுரம் இறங்க 12 விழுக்காடும், மூன்று அரைச்சுரம் இறங்க 19 விழுக்காடும் நீளம் கூட வேண்டும். முழுச்சுரம் இறக்கும் முதல் விசையையும் மூன்று அரைச்சுரம் இறக்கும் மூன்றாம் விசையையும் சேர்த்து அழுத்தினால் 12ம் 19ம் சேர்ந்து 31தான் கிடைக்கும். ஐந்து அரைச்சுரம் இறங்கத் தேவைப்படுவதோ 33.5. ஐந்தரை மீட்டர் டியூபாவில் இந்தக் குறை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். சுருதி உயர்ந்து நிற்பதைக் காது உடனே பிடித்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கவே நான்காவது விசை.

கூடாரத்துக்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. நண்பகலில் குளிர்ந்திருந்த காற்று, ஆயிரக்கணக்கானோர் அமர்ந்ததும் சூடேறுகிறது. ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். குழாயிலுள்ள காற்று முழுவதும் 10 பாகை சூடேறினால், சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். அதை ஈடுசெய்ய டியூபாவின் குழாய் பத்து சென்டிமீட்டரளவு நீள வேண்டும். சுருதி சேர்க்கும் சறுக்குக் குழாய் "ப" வடிவில் இருபுறமும் நீள்வதால், கலைஞர் அதை ஐந்து சென்டிமீட்டர் வெளியே இழுத்தால் போதும். அருகில் அமர்ந்திருக்கும் டிரம்பெட் கலைஞரின் குழாய் ஒன்றரை மீட்டருக்கும் குறைவானது. அவர் இழுப்பது ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும்.