ஸ்மார்ட் சிட்டி: சீர்மிகு நகரமா, பொலிவுறு நகரமா, சூட்டிகை நகரமா?

சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஈரோடு, திருப்பூர், வேலூர், திருநெல்வேலி, தூத்துக்குடி. தமிழ்நாட்டில் இந்த 11 ஊர்கள் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பட்டியலில் இருந்தன. இவற்றில் ஏதாவது ஓர் ஊரில் யாரிடமாவது 'சீர்மிகு நகரத் திட்டம்' என்று சொல்லிப் பாருங்கள், எந்தத் திட்டம் என்று திருப்பிக் கேட்பார்கள். ஸ்மார்ட் சிட்டி என்றால் "ஓ, நம்ம பஸ் ஸ்டாண்டை இடிச்சுக் கட்டினாங்களே, அதுவா" என்று உடனே பிடித்துக்கொள்வார்கள். சீர்மிகு நகரம், பொலிவுறு நகரம், திறன்மிகு நகரம் என்று எழுத்தில் மட்டும் மூன்று பெயர்கள் உலவுகின்றன. மூன்றுக்கும் பொருள் வேறு வேறு, மூலச்சொல்லுக்குக் கிட்டத்தில் மூன்றுமே வரவில்லை என்பது என் கட்சி.

முதலில் 'ஸ்மார்ட்'. பழைய ஆங்கிலத்தில் இதற்கு வலி என்று பொருள். சாதாரண வலி கூட இல்லை, பிரம்படி பட்டாலோ புண்ணில் உப்பு பட்டாலோ சுரீர் என்று எரியுமே, அது. ஜெர்மனில் வலியைக் குறிக்கும் 'ஷ்மெர்ட்ஸ்' இதற்குச் சொந்தக்காரச் சொல்தான். புகை பட்டுக் கண் எரிந்தால் அதற்கு இந்த வினையை இன்றும் ஆங்கிலத்தில் சொல்வதுண்டு. சுரீர் என்பதிலிருந்து விசுக் என்ற வேகம், வேகத்திலிருந்து சட்டென்று புரிந்துகொள்ளும் புத்தி, அப்படியே இன்னொரு கிளையாக நேர்த்தியான உடை, எடுப்பான தோற்றம் என்று பொருள் கிளைத்துக்கொண்டே போனது. இந்தக் கடைசிக் கிளைதான் தமிழ்ப் பேச்சுக்கு வந்து சேர்ந்தது. "பையன் ஸ்மார்ட்டா இருக்கான்" என்று கல்யாண வீட்டில் சொன்னால் பையனின் அறிவைப் பற்றி யாரும் பேசவில்லை.

'பொலிவுறு நகரம்' எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கும் இதுவே விடை என்று நினைக்கிறேன். பொலிவு என்றால் அழகு, ஒளி. பேச்சுத் தமிழில் ஸ்மார்ட்டுக்கு என்ன பொருளோ அதையே நல்ல தமிழில் எழுதிவிட்டார்கள்.

ஆனால் நகரத்தோடு ஒட்டிக்கொண்ட ஸ்மார்ட் வேறு வழியில் வந்தது. 1970-களில் வியட்நாம் போர்க்காலத்தில் லேசர் ஒளியைப் பின்பற்றிப் போய் இலக்கைத் தாக்கும் குண்டுகளுக்கு அந்த அடைமொழி கிடைத்தது. பிறகு சில்லு வைத்த அட்டை, பிறகு கைப்பேசி. தன்னைச் சுற்றி நடப்பதை உணர்ந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் கருவி என்பது இந்தக் கிளையின் பொருள். நகரத்துக்கும் அதைக் கொண்டுவந்து வைத்ததில் கணினி நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐபிஎம் 2008-இல் 'ஸ்மார்ட்டர் பிளானட்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது, கொஞ்ச நாளில் அதிலிருந்து நகரங்களுக்கான தனி வியாபாரம் கிளம்பியது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 2010-இல் பெருமழையும் மண்சரிவும் பலரைக் கொன்ற பிறகு, அந்த ஆண்டு முடிவில் அதே நிறுவனத்தின் உதவியோடு ஒரு கட்டுப்பாட்டு மையம் திறக்கப்பட்டது. சுவர் நிறையத் திரை, வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து பார்க்கும் அந்தப் படம்தான் பின்னால் உலகம் முழுக்க ஸ்மார்ட் சிட்டியின் முகமாகிவிட்டது.

இதற்கு முன்பே 1990-களில் அமெரிக்காவில் 'ஸ்மார்ட் குரோத்' என்று ஒன்று பேசப்பட்டது, அதில் கணினிக்கு வேலையே இல்லை. ஊர் கண்டபடி பரவக் கூடாது, கடைக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும், பஸ்ஸும் ரயிலும் வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. மனிதர் வாழத் தோதான ஊர் என்ற எண்ணத்துக்கு வேர் இங்கேதான் அதிகம் இருக்கிறது.

இந்தியாவில் திட்டம் தொடங்கியது 2015 ஜூன் 25. நூறு நகரங்கள், மத்திய அரசின் பங்கு 48,000 கோடி ரூபாய், 2025 மார்ச் 31-இல் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால் திட்டத்தின் வழிகாட்டி ஆவணமே, ஸ்மார்ட் சிட்டிக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் எதுவும் இல்லை, ஆளுக்கு ஒரு பொருள் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு குழு போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட விளக்கங்களைத் திரட்டி அலசி, 2015 வாக்கில் ஒன்றை வகுத்தது. தகவல் தொழில்நுட்பத்தால் வாழ்க்கைத் தரத்தையும் சேவைகளையும் உயர்த்துவது, அதே நேரம் வருங்காலத் தலைமுறையின் தேவைக்கும் மிச்சம் வைப்பது என்பது அதன் சாரம். அந்த இரண்டாம் பாதிக்காகவே பெயரில் 'நீடித்த' என்ற பொருளில் இன்னொரு அடைமொழியைச் சேர்த்தார்கள். அதாவது ஸ்மார்ட் என்ற சொல்லுக்குள் சுற்றுச்சூழல் தானாக வந்துவிடாது, தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

சரி, நடைமுறையில் எது ஸ்மார்ட்? எனக்குப் பிடித்த உதாரணம் குடிநீர்க் குழாய். இரவு இரண்டு மூன்று மணிக்கு ஊரே தூங்குகிறது, யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை. நாள் முழுக்கக் குழாயில் அழுத்தம் இருக்கும் ஊரில், அந்த நேரத்தில் ஒரு வட்டாரத்துக்குள் போகும் நீரை அளவி (மீட்டர்) கொண்டு பார்த்தால், ஓடுவதில் பெரும்பகுதி மண்ணுக்குள் கசிகிற நீர்தான். ஒரு வாரமாக அந்த அளவு ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ குழாய் விட்டிருக்கிறது என்று அர்த்தம், சாலையில் குளம் கட்டும் வரை காத்திருக்காமல் ஆள் போகலாம். ஏற்றிய தண்ணீர் வீணாகாது, அதை ஏற்றச் செலவான மின்சாரமும் வீணாகாது. இதில் பொலிவு எதுவும் கிடையாது, திறப்பு விழா நடத்தி ரிப்பன் வெட்டக்கூட இடமில்லை. அதனால்தானோ என்னவோ நம் ஊர்களில் ஸ்மார்ட் சிட்டி என்றதும் ஜனங்களுக்கு இது நினைவுக்கு வருவதில்லை.

நினைவுக்கு வருவது தியாகராய நகர் பாண்டி பஜாரின் அகல நடைபாதை, கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளக் கரைகள். பாண்டி பஜார் நடைபாதையைக் குறை சொல்ல மாட்டேன், சென்னையில் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக முடிகிற கடைத்தெரு எத்தனை இருக்கிறது? தஞ்சாவூரில் ஐயங்குளத்தையும் அதற்கு நீர் கொண்டுவந்த பழைய நிலத்தடி வழியையும் சீர்செய்தது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. மேட்டில் சேர்ந்த நீரை மோட்டார் இல்லாமல் குளத்துக்கு அனுப்பிய ஏற்பாடு அது, சென்சார் கிென்சார் என்று எந்த உணரியும் தேவைப்படவில்லை.

'சிட்டி' பாதியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். லத்தீனில் அதன் மூலச்சொல் குடிமக்களின் கூட்டத்தைத்தான் குறித்தது, கட்டடங்கள் பிறகு வந்தவை. நம் 'நகர்' சங்கப் பாடல்களில் மாளிகை, வீடு. சோழர் கல்வெட்டுகளிலோ 'நகரம்' வணிகர்கள் கூடி முடிவெடுக்கும் அமைப்புக்கும் பெயர், நகரத்தார் என்ற சொல்லில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. ஸ்மார்ட் சிட்டி வேலைகளை ஒவ்வோர் ஊரிலும் கம்பெனிச் சட்டப்படி பதிவான தனி நிறுவனம் நடத்தியது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை மாநகராட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை. கல்வெட்டுப் பொருளில் பார்த்தால், திட்டத்தின் முக்கியமான ஆண்டுகளில் நகரமே இல்லாமல்தான் நகரத் திட்டம் நடந்தது.

இனி தமிழ்ச் சொல். 'சீர்மிகு' ஒரு வாழ்த்துச் சொல், எந்த ஊருக்கும் எந்தக் காலத்திலும் பொருந்தும், அதனாலேயே ஒன்றையும் விளக்குவதில்லை. 'திறன்மிகு' பரவாயில்லை, சிங்கப்பூரில் ஸ்மார்ட்ஃபோனுக்குத் திறன்பேசி என்ற சொல் நன்றாக ஊன்றிவிட்டது. ஆனால் திறன் என்ற சொல்லைத் திறமைக்கும் கொள்ளளவுக்கும் மின்சாரத்துக்கும் ஏற்கனவே போட்டு அடித்துவிட்டோம். 'ஸ்மார்ட் நேஷன்' என்ற தங்கள் நாட்டுத் திட்டத்துக்குச் சிங்கப்பூர்த் தமிழர்கள் சொல்லும் 'அறிவார்ந்த தேசம்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பேராசிரியரின் நிதானம் தெரிகிறது, வேகம் இல்லை.

என் தேர்வு சூட்டிகை. "சூட்டிகையான பிள்ளை" என்று யாரைச் சொல்கிறோம்? வீட்டுக்கு யார் வந்தார்கள், அடுப்பில் பால் பொங்குகிறதா, பாட்டிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் சொல்லாமலே கவனித்து ஓடுகிற பிள்ளையை. கவனிப்பதும் உடனே செயல்படுவதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. சூடு என்பதோடு உறவுடைய சொல்லாகவே தெரிகிறது, அப்படியானால் சுரீர் என்ற எரிச்சலில் பிறந்த ஸ்மார்ட்டுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைப்பது கடினம். கசியும் குழாயைக் கண்டுகொள்ளும் ஊருக்கு இது சரியாகப் பொருந்தும், கிரானைட் பதித்த ரவுண்டானாவுக்குப் பொருந்தாது, அதுவும் இதன் நல்ல குணம்.

எங்கே பயன்படுத்தலாம்? பேச்சில் ஸ்மார்ட் சிட்டியை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். அரசுத் திட்டத்தின் பெயராக வந்தால் அவர்கள் வைத்த 'சீர்மிகு நகரத் திட்டம்' அப்படியே இருக்கட்டும், பெயரை நாமாக மாற்றக் கூடாது. கருத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் சூட்டிகை நகரம், சூட்டிகை மின்னளவி, சூட்டிகைத் தெருவிளக்கு என்று எழுதலாம். ரேஷன் கடை ஸ்மார்ட் கார்டுக்கு இது வேண்டாம், அந்த அட்டை எதையும் கவனிப்பதில்லை, மின்னணுக் குடும்ப அட்டை என்று ஏற்கனவே உள்ள பெயரே போதும்.