கண்டமேடையா, கண்டத்தட்டா?

"ரீச்சர், அப்ப நாங்கள் அவுஸ்திரேலியாவோ?"

தரம் பத்தில் படிக்கிற பிள்ளை ஒருவன் போன கிழமை கேட்டது. பகிடிக்குக் கேட்கவில்லை. கையில் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய வினாவிடைக் கையேடு ஒன்று. "தீவு நாடு எந்தக் கண்டத்தட்டில் அமைந்துள்ளதோ அந்தக் கண்டத்துக்கு உரியது" என்று அதில் ஒரு வரி. இரண்டு பக்கம் தள்ளி, "இலங்கை இந்து-அவுஸ்திரேலியத் தட்டில் உள்ளது" என்று இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவனுக்கு வந்த முடிவுதான் எவருக்கும் வரும். பிள்ளையைப் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. செய்தியிலும் காணொளியிலும் இந்தக் "கண்டத்தட்டு" காதில் விழுந்து விழுந்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கண்டம். வடமொழி வழி வந்த சொல். துண்டு, பகுதி என்று பொருள். நீலகண்டனின் கண்டம் கழுத்து, சாதகத்தில் வரும் கண்டம் ஆபத்து. அவை வேறு சொற்கள். பழைய வழக்கில் கண்டத்தைவிடத் தீவுதான் பெரியது. கோயிலில் ஐயர் சங்கற்பம் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள்: சம்புத் தீவு முதலில் வரும், பரத கண்டம் அதற்குள்ளே வரும். எங்கள் கோயில்களில் படித்துப் பயன் சொல்லும் கந்தபுராணத்திலும் இதே ஒழுங்குதான். சம்புத் தீவாகிய நாவலந்தீவுக்குள் பரதம், பரதத்துக்குள் குமரி முதலான கண்டங்கள். பெருநிலம் முழுவதையும் கண்டம் என்பது பிற்காலப் புவியியல் பாடத்தோடு நிலைத்த பொருள். நிலைத்தது நல்லதுதான், மாற்றத் தேவையில்லை.

கண்டம் என்ற சொல்லே வேண்டாம், "பெருநிலம்" என்போம் என்று சிலர் சொல்கிறார்கள். தனித்தமிழ் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் பெருநிலப்பரப்பு என்றால் வன்னி. ஆனையிறவு தாண்டினால் பெருநிலப்பரப்பு என்றுதான் நாங்கள் பேசுகிறோம். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிற சொல்லின் தலையில் இன்னொரு பொருளை ஏற்றக் கூடாது.

தட்டுக்கும் இதே நியாயம்தான். கண்டம் கரையோடு முடிவதில்லை. கடலுக்குள்ளும் கொஞ்சத் தூரம் ஆழம் குறைவாக, மெல்லச் சரிந்து போகும். அப்புறம்தான் சரிவு கூடி ஆழத்துக்கு இறங்கும். அந்த ஆழமற்ற பகுதிக்கு எங்கள் பாடநூல்களில் பழகிய பெயர் கண்டமேடை. பண்ணைப் பாலத்தால் போகிறவர்கள் கண்டிருப்பீர்கள், கரையிலிருந்து வெகுதூரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை பார்க்கிறார்கள். அது களப்பு, சரி. வெளியே பாக்கு நீரிணையிலும் பல இடங்களில் பத்துப் பதினைந்து மீற்றர்தான். மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணல் தீடைகளின் ஓரத்தில் சில இடங்களில் ஒரு மீற்றர்கூட இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. அப்போது இங்கிருந்து இந்தியாவுக்கு நடந்தே போயிருக்கலாம். இலங்கை ஆசியாவுக்கு உரியது என்பதன் புவியியல் காரணம் இதுதான்: நாங்களும் இந்தியாவும் ஒரே மேடையில் இருக்கிறோம், மேடையின் மேல் தண்ணீர் ஏறி நிற்கிறது.

மொழிபெயர்த்தவர் என்ன செய்தார் என்று ஊகிக்க முடிகிறது. கண்டமேடைக்கு ஆங்கிலத்தில் continental shelf. அதிலுள்ள shelf என்ற சொல்லுக்கு அகராதியில் அலுமாரித் தட்டு என்று கண்டிருப்பார், தட்டு என்று போட்டுவிட்டார். அதே தட்டுத்தான் பூமியின் மேலோட்டுப் பாளங்களுக்கும் பெயராக வழங்குகிறது. தமிழ்நாட்டில் புவித்தட்டு என்கிறார்கள். குழப்பம் வராமல் இருக்க நான் அதைத் தகடு என்கிறேன். இரண்டும் முற்றிலும் வேறு பொருட்கள். மேடை என்பது கண்டத்தின் தண்ணீர் மூடிய விளிம்பு. தகடு என்பது கண்டத்தையும் கடலடியையும் சேர்த்துச் சுமந்து நகரும் பாறைப் பாளம். எந்த நாடு எந்தக் கண்டம் என்று தகட்டை வைத்துத் தீர்மானிக்கப் போனால் இந்தியாவே ஆசியாவில் இல்லை. அரேபியாவுக்கும் தனித் தகடு. ஐஸ்லாந்து வட அமெரிக்கத் தகட்டிலும் யூரேசியத் தகட்டிலும் கால் வைத்து நிற்கிறது. அதற்காக எவரும் அந்த நாட்டை இரண்டாகப் பிரிப்பதில்லை, ஐரோப்பா என்றே சேர்க்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மேடைக்குக் கண்டத்திட்டு என்று இருக்கிறது. தட்டைவிட ஆயிரம் மடங்கு நல்லது. என்றாலும் எனக்கு ஒரு தயக்கம். திட்டு என்றால் எங்கள் கண்ணுக்குத் தெரிவது நாலு பக்கமும் தண்ணீர் சூழத் தனியாக நிற்கும் மணல்மேடு. கண்டமேடை கரையோடு ஒட்டியது, விட்டுப் பிரிவதில்லை. ஆழ்கடலில் இருந்து பார்த்தால் உயர்ந்து பரந்த ஒரு மேடைதான் அது. சொல்லைக் கேட்டதும் பொருளின் வடிவம் தெரிய வேண்டும். மேடையில் அது தெரிகிறது.

எல்லாத் தீவு நாட்டுக்கும் மேடையால் விடை கிடைக்காது என்பதையும் அந்தக் கையேடு சொல்லியிருக்க வேண்டும். மாலைதீவு எந்தக் கண்டமேடையிலும் இல்லை. ஆழ்கடலில் பழைய எரிமலைத் தொடரொன்றின் மேல் வளர்ந்த பவளத் தீவுகள் அவை. ஆசியா என்பது அண்மையாலும் வழக்காலும் வந்த கணக்கு. சைப்பிரஸ் 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, ஆனால் புவியியலில் அதை மேற்காசியா என்றே பெரும்பாலும் சேர்க்கிறார்கள். அரசியல், அண்மை, மேடை என்று மூன்று அளவுகோல் இருக்க, மூன்றையும் ஒரு தட்டில் கொட்டிக் குழைத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம்.

மொழிபெயர்க்கிறவர்களுக்குப் பொருள் தெரியாமல் இருப்பது பெரிய குற்றமில்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரியாது. கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கோபம். ஒரு புவியியல் ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் போதும். இப்போதெல்லாம் கணினி தருவதை அப்படியே ஒட்டுகிறார்கள். ஒட்டியதை அடுத்தவர் எடுக்கிறார். பத்துப் பேர் எழுதியதும் அதுவே வழக்கு என்கிறார்கள். பிள்ளை அதைப் படித்துத்தான் சோதனை எழுதப் போகிறது.

அன்று அவனுடைய கையேட்டில் முதல் வரியில் தட்டை வெட்டி மேடை என்றும், இரண்டாவது வரியில் தட்டை வெட்டித் தகடு என்றும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு மறுபடி வாசித்துப் பார்த்தான். "அப்ப இந்தியாவோட ஒட்டித்தான், என்ன ரீச்சர்?" என்றான். ஓம் என்றேன். பக்கத்தில் இருந்த பிள்ளையும் தன் கையேட்டை எடுத்து வெட்டத் தொடங்கியது.