கும்பாபிஷேகத்துக்கு முன் எனாமல் வாளியைத் தள்ளி வையுங்கள்

மீண்டும் ஒரு கோயில். பாலஸ்தாபனம் (திருப்பணிக்காக மூர்த்திகளைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் கிரியை) முடிந்த கையோடு உள்மண்டபத்தில் கிரைண்டர் இறங்கி, பழைய சுவரோவியத்தைச் சுரண்டி, எனாமலும் பூசியாயிற்று. அதன் பிறகுதான் ஆலோசனை கேட்கிறார்கள்: "பெயின்ற் ஏன் கொப்பளிக்குது?"

எனாமல் சுவரைக் காக்கும் என்ற நம்பிக்கைதான் முதலில் ஒழிய வேண்டும். யாழ்ப்பாணத்து நம் பழைய கோயில்கள் பலவற்றின் சுவர் சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்). மேலே சுண்ணாம்புச் சாந்து. மாரியில் நிலத்து ஈரம் சுவரில் ஏறும், கோடையில் சாந்தின் நுண்துளைகள் வழியே வெளியேறும். எனாமல் அந்த வழியை அடைக்கிறது. வெளியேற முடியாத ஈரம் தான் கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்கு அடியில் விட்டுவிடும். உப்பு திரண்டு பருக்கும்போது பெயின்ற் மட்டுமல்ல, சாந்தும் சேர்ந்து பெயரும். "நல்ல பிராண்ட் வாங்கினோமே" என்கிறார்கள். பிராண்ட் எவ்வளவு நல்லதோ, அடைப்பும் அவ்வளவு இறுக்கம். சீமெந்துப் பூச்சும் இதையேதான் செய்யும், ஈரத்தை இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிடும்.

அடுத்தது, "படம் மங்கிப்போச்சு." செங்காவியும் மஞ்சட்காவியும் மண். கறுப்பு விளக்குக்கரி. இவை வெளிச்சத்தில் வெளுப்பவை அல்ல. மேலே படிந்திருப்பது எண்ணெய்ப் புகையும் கர்ப்பூரக் கரியும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர்கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டார். மேலடுக்கும் சுண்ணாம்புச் சாந்துதான், அதனால் கீழே இருந்தது செத்துப்போகவில்லை. கிரைண்டர் போன சுவரில் தேட எதுவும் மிஞ்சாது.

நிறம் அலங்காரம் மட்டும் என்று நினைப்பதும் இதே கேட்டின் இன்னொரு முகம். தியான சுலோகம் மூர்த்தியின் நிறத்தையும் சொல்கிறது. முருகன் செம்மை, சரஸ்வதி வெண்மை. பச்சை மேனி அம்பாளைப் பெயின்ற் கடை நிற அட்டவணை பார்த்து இளஞ்சிவப்பாக்கினால் அது வேறு வடிவம். தூரிகை எடுக்குமுன் குருக்களிடம் கேட்டு, ஒவ்வொரு மூர்த்திக்கும் நிறத்தை எழுதி வாங்குங்கள். கண் திறப்பதைக் கடைசிக்கு வைக்கும் ஓவியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சதுரஅடிக்குக் கூலி பேசி வருபவருக்கு வேண்டும்.

சுவரில் கை வைக்குமுன் முழுவதையும் பகல் வெளிச்சத்தில், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். சவர்க்காரம், கோஸ்டிக் சோடா, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மென்மயிர்த் தூரிகையால் உலர்ந்த தூசியை மட்டும் தட்டுங்கள். நிறம் பொடியாக உதிர்ந்தால் அதையும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஈரம் படும் வேலை எல்லாம் ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவருடையது. உவர் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்த உப்பு மறுபடி உள்ளே போகும். முதலில் கூரை ஒழுக்கையும் மழைநீர்ப் பீலியையும் திருத்துங்கள்.

புதுச் சாந்தில் வரைவதானால் சுண்ணாம்பைத் தாங்கும் நிறங்களையே எடுங்கள்: காவிகள், விளக்குக்கரி, அல்ட்ராமரீன் நீலம். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் பழுப்பாகும். ஈயச்செந்தூரம் கறுக்கும், நஞ்சும்கூட.

வெளிமதிலின் காவி வெள்ளைப் பட்டைக்கு எனாமல் எதற்கு? ஊறிய சுண்ணாம்புப் பாலை மெல்லியதாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி விட்டு, சுவரை லேசாக நனைத்துப் பூசினால் போதும். காவி சுண்ணாம்பின் நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சாய்பவர் வேட்டியில் ஒட்டும். ஐப்பசிக்கு முன் முடியுங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீருக்குள் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போடுங்கள், கல்லின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எவரையும் பக்கத்தில் விடவேண்டாம்.

உபயகாரருக்கு ஒரு விண்ணப்பம். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும்போது "பளபளப்பாக வேண்டும்" என்று எழுதாமல், பழைய சுவரின் படத்தை அனுப்பும்படி திருப்பணிச் சபையைக் கேளுங்கள்.