தடைக்காலம் முடிந்ததும் டீசல் இன்ஜின் முரண்டு பிடிப்பது ஏன்?

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் கட்டியே கிடக்கும். தடை முடிந்து சாவியைத் திருப்பினால் சில இன்ஜின்கள் சுற்றும், ஆனால் பிடிக்காது. கோளாறு பெரும்பாலும் டீசல் டேங்கின் அடியில்தான் இருக்கும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை பிஸ்டன் 16 முதல் 20 மடங்கு வரை நெருக்கும்போது அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். நாசில் எனும் நுண்துளை முனை அதில் டீசலை நுண்துளிகளாகப் பீய்ச்சுகிறது. டீசல் தானே தீப்பிடிக்க சுமார் 210 டிகிரி போதும். ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் டீசல் இந்த முறையில் ஓடும் இன்ஜினை ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் நிரூபித்துக் காட்டினார். அவர் பெயர் முதலில் இன்ஜினுக்கு வந்தது, எண்ணெய்க்கு வந்தது பிறகுதான். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது.

இப்போது டேங்குக்கு வருவோம். பாதி காலியான டேங்க் பகலில் சூடேறி இரவில் குளிரும்போது, ஈரமான கடற்காற்றை வெண்ட் எனும் காற்றுப்போக்குக் குழாய் வழியே உள்ளிழுக்கிறது. அந்த ஈரம் தகட்டில் வியர்த்து வடிகிறது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் டீசலுடையது 0.83 அளவுதான் என்பதால் தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, வழுவழுப்பான கறுப்புக் கசடாகி, ஃபில்டரை அடைக்கும். கசட்டைவிடத் தண்ணீர் இன்னும் மோசமானது. டீசலை நாசிலுக்குத் தள்ளும் பம்பில், முன்னும் பின்னும் ஓடும் தண்டான பிளஞ்சருக்கும் அதைச் சுற்றிய உருளையான பேரலுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளி. அங்கே மசகு எண்ணெயாக வேலை செய்வதும் டீசல்தான். தண்ணீர் புகுந்தால் அந்த வழுக்கல் போய்விடும். உப்புத் தண்ணீர் என்றால் துருவும் சேர்ந்து பம்பு வீணாகும்.

ஆகவே படகைக் கட்டும்போதே டேங்கை நிரப்பி, விரிவதற்குக் கொஞ்சம் இடம் மட்டும் விடுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் டேங்கின் அடியிலுள்ள வடிகுழாயை (காக்) திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் கோடாகத் தெரியும். சுத்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள். வடித்ததைக் கேனில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், கடற்புல்லும் பவளமும் உள்ள நம் கடலில் ஒரு சொட்டும் விழக்கூடாது.

ஃபில்டர் மாற்றினால் லைனில் காற்று புகும். திரவம் அமுங்காது, அதனால்தான் பம்பு தள்ளியதும் அழுத்தம் ஏறி நாசில் ஊசி திறக்கிறது. நடுவே காற்று இருந்தால் அதுவே அமுங்கி, விரிந்து, தள்ளுவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். நாசில் திறக்காது. இதைத்தான் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்கிறோம்.

பழைய மெக்கானிக்கல் பம்பு என்றால் ஃபில்டர் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப் பம்பை அழுத்தி, ஸ்க்ரூவை மறுபடி முறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பு ஸ்க்ரூ, கடைசியாக நாசில் குழாய் நட். இந்த வரிசை மாறினால் பின்னால் தங்கிய காற்று மீண்டும் முன்னே வரும். நாசில் பீய்ச்சும் பக்கம் கையை நீட்டவே கூடாது, 200 பார் அளவு அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்ஜின் பிடித்த பின் புகையைப் பாருங்கள். முதலில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் நிற்காவிட்டால் டீசலில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, அல்லது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம், குறைந்திருக்கிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, அதற்கு பிஸ்டன் ரிங், வால்வு கைடு இரண்டையும் சோதிக்க வேண்டும்.