உள் அளவைச் சொல்லி ஏர் பிரைட் கேட்காதீர்கள்

"ஏனுங்க, சரக்கு மொத்தமே 1,250 கிலோதான். நீங்க 1,866 கிலோவுக்கு பில் போட்டிருக்கீங்க. மிச்சம் 600 கிலோ என்னங்க, காத்தா?"

காற்றுதான். ஏற்றுமதிச் சரக்கை விமானத்திலும் கப்பலிலும் அனுப்பிக் கொடுக்கும் பார்வர்டர் நான்; அவரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். போனை வைத்த பிறகுதான் தப்பில் பாதி என்னுடையது என்று உறைத்தது.

அவர் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஐரோப்பா போக வேண்டிய சரக்கு, சாயப்பட்டறையில் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டது. "உங்கள் செலவில் ஏரில் அனுப்புங்கள்" என்று சரக்கை வாங்கும் பையர் மெயில் போட்டுவிட்டார். கப்பலில் ஏற்றுவது வரைதான் நம் செலவு என்ற எப்.ஓ.பி. விலைக்கு எடுத்த ஆர்டரில், விமானச் சரக்குக் கட்டணமான ஏர் பிரைட்டும் கையிலிருந்து போனால் என்ன மிஞ்சும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 100 பெட்டி, பேக்கிங் லிஸ்டில் 60×40×40 செ.மீ., பெட்டிக்கு 12.5 கிலோ. அதைப் பார்த்து 1,600 கிலோவுக்குக் கணக்குப் போட்டு விலை கொடுத்தேன். விமான நிலையக் கார்கோ காம்ப்ளெக்ஸில் டேப் வைத்து அளந்தபோது அது 1,866.5 ஆகிவிட்டது.

1,250 எப்படி 1,600 ஆகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். விமானத்துக்கு இரண்டு வரம்பு: இவ்வளவு எடைதான் தூக்கும், இவ்வளவு இடம்தான் இருக்கும். பஞ்சு மூட்டையாக ஏற்றினால் எடை வரம்பை எட்டுமுன்பே இடம் தீர்ந்துவிடும். அதனால் இடத்தையும் கிலோவாக மாற்றி வைத்திருக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் கிடைப்பது வால்யூம் வெயிட். ஒரு கனமீட்டர், அதாவது ஒரு சிபிஎம், சுமார் 167 கிலோவுக்குச் சமம். தராசு காட்டும் கிராஸ் வெயிட், இந்த வால்யூம் வெயிட் இரண்டில் எது அதிகமோ அதுவே சார்ஜபிள் வெயிட். அரை கிலோவுக்கு மேல் நோக்கி முழுமையாக்குவார்கள். 60×40×40 என்றால் பெட்டிக்கு 16 கிலோ, 100 பெட்டிக்கு 1,600. இதுவரை வழக்கமான கணக்குதான்.

மீதி 266.5 கிலோ எங்கிருந்து வந்தது? அட்டைப்பெட்டி செய்பவரிடம் ஆர்டர் கொடுக்கும்போது நாம் சொல்வது உள் அளவு. துணி உள்ளே அடங்க வேண்டுமே. 5 பிளை அட்டை தோராயமாக 6 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்திலும் அகலத்திலும் இரு பக்கச் சுவர் சேர்ந்து 1.2 செ.மீ. கூடும். உயரத்தில் மேலே இரண்டு மடிப்பு, கீழே இரண்டு மடிப்பு என நான்கு அட்டை சேர்ந்து 2.4 செ.மீ. ஏறும். இதற்கு மேல் புடைப்பு. டி-ஷர்ட்டை பாலி பேக்கில் போட்டுக் காற்றை வெளியேற்றாமல் அடுக்கினால், டேப் ஒட்டிய மறுநாள் பெட்டி பிள்ளையார் வயிறு போல நிற்கும். அங்கே அளப்பவர் சுவரோரம் அளக்க மாட்டார், புடைத்த இடத்தில்தான் அளப்பார். அதுதான் முறையும்கூட. 62×42×43 வந்தது. பெருக்கி வகுத்துப் பாருங்கள்: பெட்டிக்கு 18.66 கிலோ. கணக்குக்காகக் கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் 53,300 ரூபாய் கூடுதல். இத்தனைக்கும் உள்ளே ஒரு துணிகூட அதிகமில்லை.

"இது வெளி அளவா, பேக் செய்த பிறகு அளந்ததா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இப்போதெல்லாம் பேக் செய்த பெட்டியின் மேல் டேப் வைத்த போட்டோ வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் விலை சொல்கிறேன். சிலருக்கு எரிச்சலாக இருக்கும். பரவாயில்லை.

பெட்டிகளை அடுக்கும் அடித்தட்டான பேலட் விஷயத்திலும் இதே கதைதான். 120×80 செ.மீ. பேலட்டில் 60×40 பெட்டி ஒரு வரிசைக்கு நான்கு கச்சிதமாக உட்காரும். 62×42 பெட்டி நான்கு வைத்தால் 124×84 ஆகி வெளியே துருத்தும். மூன்று வரிசை வைத்து, பேலட்டின் உயரத்தையும் சேர்த்தால் 144 செ.மீ. ஆக, 12 பெட்டிக்கு 250 கிலோ. அதே 12 பெட்டியை லூஸாக அனுப்பினால் 224. மரத்துக்கும் விமான டிக்கெட் எடுக்கிறோம். பையர் பேலட் கட்டாயம் என்று சொல்லாதவரை லூஸ்தான் நல்லது. மரப் பேலட்டில், பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

அடுத்து சொல்லப்போவது எங்கள் தொழிலின் உள் விஷயம். சொன்னால் சக பார்வர்டர்கள் கோபிக்கலாம். 60×40×40 பெட்டி 100 என்றால் 9.6 சிபிஎம். இந்தத் துணியோடு, கோயம்புத்தூர் பம்ப் பாகங்கள் 1 சிபிஎம், 700 கிலோ என்று ஒரு சரக்கு வருகிறது. தனித்தனியாக பில் போட்டால் துணிக்கு 1,600, பம்புக்கு 700, மொத்தம் 2,300 கிலோ. இரண்டையும் ஒரே மாஸ்டர் ஏர்வே பில்லில், அதாவது ஏர்லைனுக்கும் எங்களுக்கும் இடையிலான சரக்கு ரசீதில், போட்டால் வால்யூம் வெயிட் 1,767, கிராஸ் 1,950. ஏர்லைனுக்கு நாங்கள் கட்டுவது 1,950 கிலோவுக்கு மட்டும். இடையில் இருக்கும் 350 கிலோவில்தான் எங்கள் சோறு. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது, கனமும் லேசும் சேர்த்து அடுக்கத் தெரிந்ததற்கான கூலி. ஆனால் ஒரே பையருக்கு நீங்களே இரண்டு வகைச் சரக்கும் அனுப்புகிறீர்கள் என்றால், தனித்தனி பில்லாகப் பிரிக்காதீர்கள். அந்த லாபம் உங்களுடையது.

எடை ஸ்லாபையும் கவனியுங்கள். 45, 100, 300, 500 கிலோ என்று படிப்படியாக விலை இறங்கும். 92 கிலோ சரக்குக்கு 45-க்கு மேற்பட்ட ஸ்லாபில் 220 ரூபாய் என்றால் 20,240 ஆகும். 100 கிலோ ஸ்லாபில் 190 ரூபாய் என்றால், 100 கிலோ என்றே பில் போடச் சொன்னால் 19,000தான். ஏர்வே பில்லில் அப்படிப் போட அனுமதி உண்டு. கேட்பவர்களுக்குக் கிடைக்கும்.

சாம்பிள் அனுப்பும்போது இந்த 6000 கணக்கைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சர்வதேச கூரியரில் பெரும்பாலும் 5000-ஆல்தான் வகுக்கிறார்கள். 40×30×30 பெட்டி 6000-இல் 6 கிலோ, 5000-இல் 7.2, அது 7.5 ஆகும். உள்ளே இருப்பது 4 கிலோ துணி. பெட்டியை விட்டுவிட்டு பாலி கவரில் அழுத்தி அனுப்பினால் தராசு எடையை ஒட்டியே வரும்.

கப்பலில் எல்.சி.எல்., அதாவது ஒரே கன்டெய்னரைப் பலர் பகிர்ந்து அனுப்புவது என்றால் மனம் கொஞ்சம் லேசாகும். அங்கே ஒரு சிபிஎம்முக்கு ஒரு டன் என்று வைத்துக்கொண்டு, சிபிஎம், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. துணிக்கு எப்போதும் சிபிஎம்தான். 9.6 என்று நினைத்தது 11.2 ஆனால், இங்கே மட்டுமல்ல, இறங்கும் துறைமுகத்தில் பையர் கட்டும் சார்ஜும் ஏறும். அந்த பில் உங்களுக்கு வராது, பையரின் கோபம் வரும். சரக்கு அரை சிபிஎம்தான் என்றாலும் பொதுவாகக் குறைந்தபட்சம் ஒன்றுக்குக் கட்ட வேண்டும்.

முழு கன்டெய்னர் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 அடி கன்டெய்னர் 33 சிபிஎம் என்று புத்தகத்தில் இருக்கும். பெட்டி அடுக்கினால் 25 முதல் 28 வரை போகும், அவ்வளவுதான். 33-ஐ நம்பி ஆர்டர் பிரித்த ஒருவர் கடைசி 60 பெட்டியைக் கோடவுனுக்குத் திருப்பி எடுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சி தென்னை நார்க்கழிவுக் கட்டிகளில் நேர்மாறு. அழுத்திய கட்டி என்பதால் கன்டெய்னர் நிறையும்போது எடையும் வரம்பை எட்டிவிடும். 2016 ஜூலையிலிருந்து கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால், அங்கே டேப்பைவிட எடை மேடைச் சீட்டுதான் முதலில் தேவை.

அந்தத் திருப்பூர்க்காரர் அடுத்த முறை பாலி பேக்கில் காற்றுத் துளை வைக்கச் சொன்னார். வெளி அளவு 60×40×40 வரும்படி பெட்டியையும் மாற்றினார், பையரிடம் அனுமதி வாங்கித்தான். அந்த ஷிப்மென்ட் கப்பலிலேயே போய்விட்டது.